பூசலாரின் கோயிலும் 40 கிலோபைட் மாரியோவும்

"அந்தக் காலத்து கேம்தாங்க கேம். இப்ப வர்றதெல்லாம் வெறும் ஷோ." 90கள்ல வளர்ந்த யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இது வந்துவிடும். கேசட்டை ஊதிச் சொருகின கதை, கான்ட்ராவில் 30 லைஃப் வாங்கின கதை, பள்ளி கம்ப்யூட்டர் லேபில் டேவ் ஆடின கதை எல்லாம் பின்னாலேயே வரும். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வெறும் பால்ய ஏக்கம் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இந்த வாதம் வேறு வடிவத்தில் ஏற்கெனவே தெரியும். பெரியபுராணத்தில் வரும் பூசலார் நாயனார் இந்த ஊர்க்காரர். கோயில் கட்டக் காசு இல்லை. மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கட்டினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னர் நிஜக் கற்கோயில் எழுப்பி முடித்து, குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தார். சிவன் மன்னரின் கனவில் வந்து, "அன்னிக்கு எனக்கு நின்றவூர்ல வேலை இருக்கு, உன் விழாவைத் தள்ளி வை" என்று சொன்னதாகக் கதை. இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

பழைய கேம் ரசிகர்கள் சொல்வது கிட்டத்தட்ட இதையேதான். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்னிக்கு நாம வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு போட்டோவே பெரும்பாலும் இதைவிடப் பெரிசு. இடம் போதாததால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம்தான். நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மிச்சத்தை ஆடுகிறவன் மனசு கட்டிக்கொண்டது. நான்கு சதுரங்களைச் சேர்த்து வைத்தால் அது நமக்குக் கோட்டை. இப்போதைய கேமில் புல்லின் நுனி, சுவரின் ஈரம் என எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள், மனசுக்கு வேலை இல்லை என்பது வாதம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முழுசா ஒத்துக்க முடியவில்லை.

முதல் காரணம், அந்தச் சிக்கனம் யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்தது இல்லை. இயந்திரத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது, நமக்கு ஞாபகம் இருப்பது தேறினவை மட்டும். கேசட் மேல் "99999 இன் 1" என்று போட்டிருக்கும். உள்ளே போனால் பத்து இருபது கேம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதிலும் பாதி ஆடவே லாயக்கில்லாதவை. அவற்றைப் பற்றி யாரும் பதிவு எழுதுவதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். "இப்பத்த கேம் காசு பிடுங்குது, அப்ப அப்படி இல்ல" என்பார்கள். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸும் 1980-ல் வந்த பேக்-மேனும் காசு போட்டு ஆடும் பெட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். மூன்று லைஃப், போகப் போக ஏறும் வேகம், செத்தால் முதலிலிருந்து ஆரம்பம் என்று நாம் "சவால்" எனக் கொண்டாடுகிற பலவும் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்த பழக்கம். கல்லாப்பெட்டி அன்றைக்கே கேமுக்குள் இருந்தது.

அப்படின்னா ரெண்டும் ஒண்ணுதானா? இல்லை. வித்தியாசம் படத்தில் இல்லை என்பதுதான் என் கருத்து. ரெண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, முடிவு. மாரியோவுக்கு 8 உலகம், 32 ஸ்டேஜ். இளவரசியை மீட்டால் முடிந்தது. சேவ் வசதி கிடையாது, கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஆனாலும் கேமுக்கு ஒரு கரை இருந்தது. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் வகையில் கரையே கிடையாது. ஒரு சீசன் முடிந்தால் அடுத்த சீசன். தினமும் உள்ளே வந்தால் பரிசு, வராவிட்டால் அந்தப் பரிசு போச்சு. பழைய பெட்டி "காசு போடு" என்று வெளிப்படையாகக் கேட்டது. புதுசு "நாளைக்கும் வா" என்று மெதுவாகப் பழக்குகிறது.

இரண்டு, யார் கையில் இருக்கிறது என்பது. நம்மூரில் பெரும்பாலும் ஓடியது நின்டெண்டோவின் நகல் பெட்டிகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த கேசட் இன்னிக்கும் வேலை செய்தால் ஆடலாம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. அக்டோபர் 30-ஓடு இந்தியாவுக்கான சர்வரும் நின்றது. தடையே இல்லாமலும் இது நடக்கும். யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கினவர்களும் அதற்கப்புறம் ஆட முடியவில்லை. பரணில் தூசி படிந்து கிடக்கும் கேசட்டுக்கு இந்தக் கதி வராது.

இந்த ரெண்டும் நவீன கேமுக்கே விதிக்கப்பட்ட சாபமா என்றால் அதுவும் இல்லை. 2023-ல் வந்த 'வெண்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 80களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, அழிந்துபோன வரிகள். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரும் என்று நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. வண்ணமும் இசையும் இன்றைய தரம்தான். ஆனால் விடுபட்ட வரியை நிரப்பும் வேலையை நம்மிடமே விட்டிருக்கிறார்கள். மாரியோவில் அந்த இடைவெளி வேறு வழியில்லாமல் வந்தது. இதில் வேண்டுமென்றே விட்டது. அதனால் இதைக் கூடுதலாகவே மதிக்கிறேன்.

ஆகவே பிள்ளைகள் கையில் இருக்கும் கேமைப் பார்த்து "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இதுக்கு முடிவு இருக்கா? அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைத்தால் ஏதாவது பறிபோகுமா? பத்து வருஷம் கழிச்சு இதை மறுபடி ஆட முடியுமா? பதில் சரியாக வந்தால் அது 2025-ல் வந்த கேமாக இருந்தாலும் தாராளமாக ஆடட்டும். சரியாக வராவிட்டால் பழைய புள்ளிப்படம் போட்டு மினுக்கினாலும் விலகியிருப்பது நல்லது. இப்போது "ரெட்ரோ" என்ற பெயரில் ஃபோனில் வரும் பல கேம்களில், ஒரு லைஃப் போனதும் முப்பது வினாடி விளம்பரம் வருகிறதே, அதைச் சொல்கிறேன்.

பூசலார் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பல்லவர் கட்டிய கற்கோயிலை யாரும் பொய் என்று சொல்லவில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயில் 1300 வருஷமாக நிற்கிறது, இன்றும் போய்ப் பார்த்து வாய்பிளக்கிறோம். கல்லில் கட்டியதாலேயே ஒரு கோயில் குறைந்துபோவதில்லை. கேம் விஷயத்திலும் அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.