டியூன் செய்த காருக்கு வைட்பேண்டா, நேரோபேண்டா?

டர்போவும் ஸ்டாண்டலோன் இசியுவும் பொருத்திய பழைய 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டி ஒன்றில் ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ் வைட்பேண்ட் கேஜை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். காரோடு வந்த நேரோபேண்ட் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றவில்லை. இரண்டின் அளவுகளும் லேப்டாப்பில் அருகருகே பதிவாயின.

சீரான வேகத்தில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. நேரோபேண்டின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். அது 0.45ஐக் கடக்கும் இடம்தான் லாம்டா 1, அதாவது பெட்ரோல் முழுதாக எரியச் சரியான அளவு காற்று. ஒரு பங்கு சாதாரண பெட்ரோலுக்கு எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு வேண்டியதும் அந்தப் புள்ளிதான். 1976இல் வோல்வோ கார்களில் பாஷ் இந்தச் சென்சாரை அறிமுகப்படுத்தியது அதற்காகவே.

ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்ததும் வித்தியாசம் தெரிந்தது. ஏஇஎம் கேஜ் 13 காட்டியபோது நேரோபேண்ட் 0.85 வோல்ட்டை ஒட்டி நின்றது. எரிபொருளைக் கூட்டி 11.6க்குக் கொண்டுவந்தேன், அப்போதும் நேரோபேண்ட் ஏறக்குறைய அங்கேயேதான். டர்போ இன்ஜினின் ஆயுள் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பூஸ்டில் 11.5 முதல் 12 வரை வைப்பது வழக்கம். 13 என்றால் நாக்கிங் வரலாம், பிஸ்டனே போகலாம். நேரோபேண்டுக்கு இரண்டுமே 'ரிச்'. போதாததற்கு, சென்சாரின் சூடு மாறினாலே அந்தப் பக்கத்து வோல்டேஜ் நகர்ந்துவிடும்.

வைட்பேண்டுக்குள் இரண்டு செல்கள். ஒன்று சிறிய அறைக்குள் இருக்கும் ஆக்சிஜனைக் கவனிக்கிறது. மற்றது ஆக்சிஜனை உள்ளே தள்ளியோ வெளியே எடுத்தோ அந்த அறையை லாம்டா 1இல் நிறுத்துகிறது. அதற்கு எவ்வளவு கரண்ட் ஆகிறது என்பதே நமக்குக் கிடைக்கும் அளவு. அதனால்தான் தனியாக ஒரு கன்ட்ரோலர் தேவைப்படுகிறது.

எக்ஸ்-சீரிஸில் இருப்பது பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார். திறந்த காற்றில் பிடித்துக் காலிபரேட் செய்யும் வேலை இல்லை. அனலாக் ஒயரில் 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. ஆனால் கேஜுக்கும் இசியுவுக்கும் எர்த் வேறு வேறு இடத்தில் கொடுத்தால் இரண்டும் வேறு வேறு எண் காட்டும்.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். தண்ணீர் தேங்காதபடி சென்சார் கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேல்நோக்கி இருக்கட்டும். கரண்ட் கொடுக்காமல் எக்ஸாஸ்டில் விட்டால் கரி படிந்து கெடும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலோ மிஸ்ஃபயர் ஆனாலோ பொய்யாக 'லீன்' காட்டும்.

இன்னொன்று, நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதன் லாம்டா 1 சுமார் 13.5. கேஜோ லாம்டாவை 14.7ஆல் பெருக்கியே காட்டும். ஆகவே லாம்டாவை வைத்து டியூன் செய்வதே குழப்பமில்லாத வழி.

இன்ஜினில் கைவைக்காத காருக்கு நேரோபேண்ட் போதும். புதிய டர்போ கார்கள் பலவற்றில் கம்பெனியிலிருந்தே வைட்பேண்ட் வருகிறது. வாங்கும் முன் பாருங்கள். டர்போ, பெரிய இன்ஜெக்டர், ஃப்யூல் மேப் என்று எதை மாற்றினாலும் வைட்பேண்ட் கட்டாயம். கம்பெனி இசியு இருந்தால் பழைய சென்சாரை அப்படியே விட்டு, எக்ஸாஸ்டில் இன்னொரு துளை போட்டுப் பொருத்துங்கள். பூஸ்டை ஏற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.