பிரயாணியும் உடைந்த பீங்கானும்

பழம்பெரும் நகரமொன்றுக்குத் தன்னந்தனியே சென்று வரும் இளைஞர், திரும்பியதும் அதுபற்றி ஒரு கட்டுரை எழுதுவது எம்மிடையே இன்று வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரைகளுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கோபுரத்தின் உயரம் கூறப்படும். அதனைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கூறப்படும். மாலை வெயிலில் அது பொன்போல் ஒளிர்ந்தமை கூறப்படும். அந்நகரில் வாழும் மனிதரோ, வழி காட்டுபவராகவும் தேநீர் கொணர்பவராகவும் மட்டுமே தலைகாட்டுவர். இவற்றை வாசித்து முடிக்கும்போது எமக்கு ஒரு வினா எழுவதுண்டு: இவர் அந்நகருக்குச் செல்லாமலே இதனை எழுதியிருக்க முடியாதா?

இவ்வினாவை இன்றைய இளம் எழுத்தாளரிடம் மட்டும் தொடுப்பது நியாயமன்று. உலகப் பிரயாண இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் நூலையே இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். இப்னு பதூதாவின் பெயர் எமது ஆசிரியருக்கும் மாணவருக்கும் புதியதன்று. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டவர், சிவனொளிபாதமலைக்கு ஏறியவர் என்ற வகையில் அவரை நாம் அறிவோம். யாழ்ப்பாண அரசின் வரலாற்றுக்குச் சான்று வேண்டும்போதெல்லாம் அவரை அழைக்கின்றோம். ஆயின் சாட்சியாக அழைக்கப்படும் இம்மனிதரை எழுத்தாளராக வைத்து எடைபோட முனைவது அரிது. அதற்கு உகந்த இடம், அவர் இருபத்திரண்டு வயது இளைஞராக டமஸ்கஸ் நகருள் நுழைந்த பகுதியாகும்.

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த அவர், 1325 யூன் மாதத்தில் மக்கா யாத்திரையை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். உடன் வரத் தோழரும் இல்லை. சேர்ந்து செல்லக் கூட்டமும் இல்லை. வழியிற் கிடைத்த வணிகக் கூட்டத்தோடு தூனிஸ் நகரை அடைந்தபோது, நகரத்தார் வெளியே வந்து தத்தமக்குத் தெரிந்தவர்களை வரவேற்றனர். அவரை வரவேற்க எவரும் இருக்கவில்லை. அத்தனிமை தாங்காது அவர் அழுதார். யாத்திரிகர் ஒருவர் அதைக் கண்டு அருகே வந்து ஆறுதல் கூறினார். 1326இன் வசந்த காலத்தில் எகிப்தை அடைந்து, அங்கிருந்து பலஸ்தீனம், சிரியா வழியாகச் சென்று, ஓகஸ்ட் மாதத்தில் டமஸ்கஸை அடைந்தார். ஏறத்தாழ மூன்று வாரங்கள் அங்கே தங்கியபின் ஹஜ் யாத்திரிகர் கூட்டத்தோடு தெற்கு நோக்கிச் சென்றார்.

நாம் இன்று வாசிக்கும் நூல் அவ்விளைஞர் அன்றன்று எழுதிய குறிப்பன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின்னர், மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, ஐம்பது வயதைக் கடந்த இப்னு பதூதா தம் நினைவிலிருந்து கூற, இப்னு ஜுஸைய் என்னும் அரசவை எழுத்தாளர் அதனை நூலாக்கினார். 1355இல் அது நிறைவெய்தியது. எனவே அத்தனி இளைஞரின் குரல், முதியவர் ஒருவரின் நினைவையும் அரசவை எழுத்தாளர் ஒருவரின் பேனாவையும் கடந்தே எம்மிடம் வந்து சேர்கிறது.

அந்தப் பேனா செய்த வேலை சிறியதன்று. டமஸ்கஸ் நகரின் உமையாப் பெரும் பள்ளிவாசலைப் பற்றிய வருணனை நூலின் புகழ்பெற்ற பகுதிகளுள் ஒன்று. ஆனால் அதன் பெரும்பகுதி இப்னு பதூதாவுடையதன்று. ஸ்பானிய நாட்டு முஸ்லிமான இப்னு ஜுபைர், 1184ஆம் ஆண்டில் அந்நகரைக் கண்டு எழுதிய நூலிலிருந்து அது எடுத்தாளப்பட்டது. சிலவிடத்துப் பெயர் சுட்டியும், பலவிடத்துச் சுட்டாமலும் எடுத்தாளப்பட்டது. அக்காலத்தில் இது களவாகக் கருதப்படவில்லை. முன்னோர் நன்கு கூறியதை மீண்டும் கூறுவது மரபாகவே இருந்தது. 1893இல் அப்பள்ளிவாசல் தீக்கு இரையாகித் திருத்திக் கட்டப்பட்டமையால், பழைய வருணனைகள் வரலாற்றாசிரியருக்குப் பெரிதும் பயன்படுகின்றன என்பதையும் நாம் மறுக்கவில்லை. எமது வாதம் வேறு. ஒருவர் கண்ட கட்டிடத்தை நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் வந்த மற்றொருவர் பெயரில் எழுதிவிட முடிந்தது. கட்டிடங்களை வருணித்தல் இரவல் பெறக்கூடியதொரு காரியம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இரவல் பெற முடியாத ஒன்றும் அதே பகுதியில் உண்டு. ஒருநாள் டமஸ்கஸின் ஒழுங்கையொன்றில் நடந்து செல்கையில் அடிமைச் சிறுவன் ஒருவனை இப்னு பதூதா கண்டார். அவன் கையிலிருந்த சீனப் பீங்கான் நழுவி விழுந்து உடைந்தது. சனங்கள் கூடினர். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, பாத்திரங்களுக்கான வக்பு நிதியைப் பராமரிப்பவரிடம் செல்லுமாறு ஒருவர் கூறி, அவனோடு தாமும் சென்றார். துண்டுகள் காட்டப்பட்டன, அதேபோல் மற்றொன்றை வாங்கப் பணம் வழங்கப்பட்டது. இந்நிதி இல்லாவிடின் எசமான் அச்சிறுவனை அடித்திருப்பான், அல்லது ஏசியிருப்பான். அவன் உள்ளம் உடைந்திருக்கும் என்று கூறி, இத்தகைய தருமத்தை ஏற்படுத்தியவரை இப்னு பதூதா மனமார வாழ்த்துகிறார்.

எமது கருத்தில் டமஸ்கஸ் பகுதி முழுவதிலும் உயிர்த்துடிப்புள்ள இடம் இதுவே. இதனைக் காணும் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது? அதை வெறும் மேதைமை என்று கூறி நாம் அமைந்துவிட முடியாது. அன்றைய அவரது நிலையே அக்கண்ணைத் தந்தது. டமஸ்கஸில் அவர் கையிற் பணம் தீர்ந்துபோயிற்று, காய்ச்சலும் கண்டது. மதரஸா ஆசிரியர் ஒருவர் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார். வழிச்செலவுக்கும் உதவி கிடைத்தது. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு, சிறைப்பட்டோரை மீட்பதற்கு, வழிப்போக்கரின் உணவுக்கும் உடைக்கும், தெருக்களுக்குக் கல் பாவுவதற்கு என அந்நகரில் இருந்த வக்பு நிதிகளை அவர் வரிசைப்படுத்திக் கூறுவது, அவற்றின் நிழலில் ஒதுங்கிய ஒருவரின் நன்றியுணர்வோடு கூறுவதாகும். பிறர் தயவில் நாளைக் கழிப்பவனே பிறர் தயவில் வாழும் சிறுவனைக் காண்கிறான். சில மாதங்களுக்கு முன் கெய்ரோவில், ஒட்டகத்தில் நீர் சுமக்கும் தொழிலாளர் 12,000 பேர் என்றும், கோவேறு கழுதையும் கழுதையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர் என்றும் தாம் கேள்வியுற்றதை அவர் குறித்துக்கொண்டார். தொகை மிகைப்பட்டிருக்கலாம். ஆயினும் அம்மாநகரின் அளவைக் கூற அவர் தேர்ந்துகொண்டவர்கள் நீர் சுமப்போர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இவ்வளவோடு நின்றால் எமது பணி பாராட்டுரையாகிவிடும். அந்த ஒழுங்கையில் இப்னு பதூதா கண்டது பாதியே. பீங்கானை ஈடுசெய்யப் பணம் வந்த இடத்தை அவர் மகிழ்ச்சியோடு கூறுகிறார். அந்நிதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டாரில்லை. வக்பு என்பது நிலத்தினதும் கடையினதும் வருமானத்தை அறத்துக்கு ஒதுக்குவது. அந்த வருமானம் உழவனினதும் தொழிலாளியினதும் வியர்வையிலிருந்தே வந்தது. உடைந்த பீங்கானுக்கு நிதி வைத்த அந்த நகரம், அச்சிறுவனை அடிமையாகவே வைத்திருந்தது. எசமானின் கோபத்திலிருந்து அன்று அவன் காப்பாற்றப்பட்டான், எசமானிடமிருந்து காப்பாற்றப்படவில்லை. தருமம் அடியைத் தடுத்தது. அடிக்கும் உரிமையைத் தொடவில்லை.

பதினான்காம் நூற்றாண்டு மனிதரிடம் எமது காலத்துக் கொள்கையை எதிர்பார்ப்பது விமர்சனமாகாது என்று நண்பர் சிலர் கூறலாம். அது சரியே. ஆயின் நாம் வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவரவில்லை. அவரது நூலிலிருந்தே அதனை எடுக்கின்றோம். அடிமைக்கும் உள்ளம் உண்டு, அது உடையக்கூடியது என்று இருபத்திரண்டு வயதில் கண்டவர் அவரே. அக்கண்டுபிடிப்புக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதே எமது வினா.

நூல் இதற்கு ஒளிவுமறைவின்றி விடை கூறுகிறது. டில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரைக் காதியாக, அதாவது நீதிபதியாக நியமித்தான். பெருஞ் சம்பளமும் வழங்கினான். அதன்பின் மாலைதீவில் காதியாக இருந்தபோது, திருடன் ஒருவனின் கையை வெட்டுமாறு அவர் தீர்ப்பளித்தார். அவையில் இருந்த தீவு மக்கள் சிலர் மயங்கி விழுந்தனர். மயங்கியவர்களைப் பற்றி அவர் எழுதுவது அவர்களின் மென்மையைக் காட்டவே. தம் தீர்ப்பை ஐயுறவன்று. 1346ஆம் ஆண்டளவில் வங்காளத்தை அடைந்தவர், அங்கே பொருள்கள் மலிவாக இருந்ததை வியந்து விலைப்பட்டியல் ஒன்று தருகிறார். அரிசி, கோழி, சீனி, துணி ஆகியவற்றோடு அழகிய அடிமைப் பெண்ணின் விலையும் அப்பட்டியலில் உண்டு: ஒரு பொன் தினார். அவ்விலைக்குத் தாமும் ஒருத்தியை வாங்கியதாகக் கூறுகிறார். டமஸ்கஸின் ஒழுங்கையில் உடைந்த பாத்திரத்தை விட்டு அதனை ஏந்திய சிறுவனை நோக்கிய கண், இருபது ஆண்டுகளின் பின் மனுஷியையே சரக்காகக் காண்கிறது.

அவர் முற்றாக மரத்துப்போனார் என்று நாம் கூறவில்லை. மதுரையில் சுல்தான் ஒருவன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை, அவன் தமது உறவினனாயிருந்தும் அவர் கண்டித்தார். 1348இல் மீண்டும் டமஸ்கஸை அடைந்தபோது கொள்ளைநோய் பரவியிருந்தது. முஸ்லிம்களும் யூதரும் கிறிஸ்தவரும் தத்தம் வேதங்களை ஏந்தி, அழுது மன்றாடி ஒன்றாக ஊர்வலம் சென்றதை அவர் எழுதும் இடத்தில் பழைய இளைஞரின் குரலை மீண்டும் கேட்கின்றோம். ஆயின் அதே நகரில், இளமையில் தாம் மணந்து, கருவுற்றிருந்த நிலையில் விட்டுச் சென்ற மனைவியைப் பற்றியும், பிறந்து இறந்துபோன மகனைப் பற்றியும் நூல் சில வரிகளுக்கு மேற் பேசுவதில்லை. உலகம் முழுவதையும் சுற்றி வந்தவருக்கு அந்த வீட்டின் உட்புறம் தூரதேசமாகவே இருந்துவிட்டது.

எனவே இந்நூல் இன்றைய பிரயாண எழுத்தாளருக்குத் தரும் பாடம் இரண்டு. கட்டிடங்களை முன்னரே பலர் எழுதிவிட்டனர். ஒழுங்கையில் நிகழ்வதைக் கண்டவர் மட்டுமே எழுத முடியும். இது முதலாவது. கண்டதற்கு இரங்குதல் மட்டும் போதாது. அது ஏன் அவ்வாறு இருக்கிறது என்று கேட்காத இரக்கம், எழுத்தாளனின் வாழ்வு உயர உயரத் தேய்ந்து போகும். இது இரண்டாவது. தனிமை ஒருவரின் கண்ணைத் திறக்கலாம்; திறந்த கண்ணை மூடாமல் வைத்திருப்பது தனிமையன்று, சார்புநிலையே.

இது ஏட்டளவில் நிற்கும் விவகாரமுமன்று. 1970களின் பிற்பகுதி தொடக்கம் எமது நாட்டின் பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாக மேற்காசியாவுக்குச் சென்று வருகின்றனர். பெய்ரூத், அம்மான் போன்ற பழம்பெரும் நகரங்களில் தன்னந்தனியே சென்று இறங்கிய இளவயதினர் அவர்களுள் ஏராளம். எனினும் அவர்களைப் பிரயாணிகள் என்று எவரும் அழைப்பதில்லை. அவர்களின் பிரயாணக் கட்டுரையை எப்பத்திரிகையும் கேட்பதில்லை. அந்நகரங்களின் பீங்கான்களைக் கழுவுகிறவர்கள் அவர்களே. அவர்கள் கையிலிருந்து ஒன்று நழுவி உடைந்தால் அதற்கு ஈடுசெய்ய எந்த நிதி இருக்கிறது? எசமானின் சினத்துக்கும் அவர்களுக்கும் இடையில் எந்தச் சட்டம் நிற்கிறது?

எமது ஆசிரியர்கள் இப்னு பதூதாவை வகுப்பிற் கற்பிக்கும்போது, ஆரியச் சக்கரவர்த்தியின் முத்துக்களோடு நின்றுவிடாது, டமஸ்கஸ் ஒழுங்கையின் பீங்கான் துண்டுகளையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும் என்பது எமது விருப்பம். அம்மாணவர் சிலரின் தாய்மாரும் தமக்கைமாரும் அத்தகைய நகரங்களிலிருந்து திரும்பியவர்கள். கேட்டால் அவர்கள் கூறுவர். கேட்டு எழுதப்படும் நாளில், இரவல் வருணனைகளின் தேவை பெரிதும் குறைந்துவிடும்.