உஸ்ஸ்ஸ்… காத்து எறங்கட்டும்!

போன சனிக்கிழமையிலிருந்து நான் யாரையும் விடவில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்காரர், லிஃப்டில் கூட வருகிற ஆள், ஊரிலிருந்து போன் பண்ணின அம்மா என்று எல்லாரிடமும் டயர் காத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆமாங்க, டயர் காத்து! 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15-க்கு இறக்கிப் பாருங்கள், அரை மணிக்கு முன்னால் உங்கள் வண்டியைப் புதைத்த அதே மணல் அப்படியே தூக்கிச் சுமக்கும். இது தெரியாமலே இத்தனை வருஷம் துபாயில் வண்டி ஓட்டியிருக்கிறேனே என்று நினைத்தால் மனசு ஆறவில்லை!

இடம் ஷார்ஜாவின் அல் பதாயர், மதாம் பக்கம். அந்த மணலைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்புத் துருவின் சிவப்பு, அதில் விடியற்காலை வெயில் பட்டால் செங்கல் சூளைக்குள் எட்டிப் பார்த்த மாதிரி தகதகக்கும். கூட வந்தவர் கீழக்கரைக்காரர், அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுபுஹு தொழுதுவிட்டு அவர் வண்டியில் முன்னால் போக, நான் என் ப்ராடோவில் பின்னால் போனேன். ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கிற சாதா வீல், சாதா ரிம். ஆசை தாங்காமல் அவர் இறங்கி வருவதற்குள் மணலில் விட்டுவிட்டேன். முப்பது அடி போயிருக்காது, வண்டி உட்கார்ந்துவிட்டது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வீல் சுற்றச் சுற்ற வண்டி கீழேதான் போகிறது.

"மிதிக்காதீங்க தம்பி, நீங்களே குழி தோண்டுறீங்க. எறங்கி வாங்க, காத்த எறக்குவோம்."

இப்போது கொஞ்சம் கற்பனை பண்ணுங்கள். குளிர்ந்த மணலில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு, காக்கா கொடுத்த பித்தளைக் கருவியைத் திருகி மாட்டுகிறீர்கள், உள்ளேயிருக்கிற பின்னை அது வெளியே இழுக்கிறது, உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்! விரல் நுனியெல்லாம் ஜில்லிடுகிறது, புது ரப்பர் வாசனை முகத்தில் அடிக்கிறது, கேஜில் முள் 30, 25, 20 என்று இறங்கிக்கொண்டே போகிறது, கண்ணெதிரே டயருக்குத் தொந்தி போடுகிறது. 15 வந்ததும் நிறுத்தினேன். "டயர் எவ்வளவு தூரம் மண்ணத் தொடுது, பாருங்க" என்றார் காக்கா. முன்னே ஒரு சாண்கூடத் தொடாத டயர் இப்போது நீளவாக்கில் படர்ந்து கிடந்தது. அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் கூடுதலாகும், டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி! கணக்கும் சுலபம். ஒரு சக்கரத்துக்கு 600 கிலோ என்று வைத்தால் 32-இல் சுமார் 270 சதுர செ.மீ. மண்ணைத் தொடும், 15-இல் சுமார் 570. அதே எடை இரண்டு மடங்கு இடத்தில் பரவினால் மணல் ஏன் உள்ளே விடப்போகிறது?

எனக்கு வெறி ஏறிவிட்டது. இன்னும் இறக்கலாமே, பத்துக்குப் போவோமே என்றேன். காக்கா என் கையிலிருந்து கேஜை வாங்கி வைத்துக்கொண்டார். பந்தய வண்டிகளுக்குப் பீட்லாக் வீல் இருக்கும், டயர் விளிம்பை ஒரு வளையம் வைத்து ரிம்மோடு போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். "நம்ம வீலுக்கு ஏது போல்ட்டு? உள்ள இருக்குற காத்துதான் தம்பி போல்ட்டு!" ஆஹா, இதைவிடத் தெளிவாக ஒருத்தர் சொல்ல முடியுமா! சாதா ரிம்மில் டயர் விளிம்பை உட்கார வைப்பது காத்தின் அழுத்தமும் ஒரு சின்ன மேடும் மட்டும்தான். 15 நிதானமான எண், கை தேர்ந்தவர்கள் 12 வரை போவார்கள். அதற்கும் கீழே போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். புதைந்த வண்டியை மீட்க ஒரு பத்தடிக்கு இன்னும் கொஞ்சம் இறக்கலாம், நேராக மெதுவாக வெளியே வந்ததும் மறுபடி அடித்துவிட வேண்டும்.

அப்புறம் ஏறினேன் பாருங்கள்! லோ ரேஞ்ச் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்தேன், முனகக்கூட இல்லை, வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு மேட்டைப் பார்த்து நேராக விட்டேன், வண்டியில் கட்டிய கொடிக்கம்பு முன்னால் ஆட, எஞ்சின் ஒரே சுதியில் உறும, கண்ணாடி முழுக்க வானம் மட்டும் தெரிய, உச்சியில் ஒரு கணம் எடையே இல்லாத மாதிரி நின்று, அப்படியே மூக்கைச் சாய்த்து நேராக அந்தப் பக்கம் இறங்க, டயருக்குக் கீழே மணல் ம்ம்ம் என்று தாலாட்டு மாதிரி முனக, நான் கத்துகிறேன், சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, வாக்கிடாக்கியில் காக்கா "பிரேக்க அமுக்காதீங்க, சரிவுல குறுக்க ஓட்டாதீங்க, வளையும்போது பொறுமையா வளைங்க" என்று சொல்லிக்கொண்டே வருகிறார், நான் "சரி காக்கா, சரி காக்கா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த மேட்டுக்குத் தாவுகிறேன், நாற்பத்தொரு வயதில் பள்ளிக்கூட மணி அடித்ததும் வெளியே ஓடுகிற பையன் மாதிரி!

பத்து மணிக்கு கேஜை வைத்தால் 18 காட்டியது. ஓட ஓடச் சூடேறி அழுத்தம் கூடிவிடுமாம், வெயிலில் பனி ஈரம் காய்ந்து மணலும் இளகிவிடும். மறுபடி உஸ்ஸ்ஸ்! அந்தச் சாக்கில் இன்னொரு தடவை கேட்கக் கிடைத்ததே!

திரும்பும் வழியில் ஒரு பையனுடைய வண்டி டயர் கழன்று நின்றது. பலகை போட்டு ஜாக்கி வைத்தோம், விளிம்பில் இருந்த மணலைத் துணியால் துடைத்தோம், டயரைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கினோம், கம்ப்ரஸரை ஓட்டினோம். டப்! கொஞ்ச நேரத்தில் இன்னொரு டப்! இரண்டு விளிம்பும் உட்கார்ந்த சத்தம். நான் கைதட்டிவிட்டேன்.

தார் ரோட்டில் ஏறுமுன் 32 அடித்தே ஆக வேண்டும். காத்து குறைந்த டயர் வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். நாலு டயருக்கும் அடிக்க அரை மணி, உச்சி வெயில், கொஞ்சம் பொறுமை வேண்டும்தான். நான் அந்த அரை மணி முழுக்கக் காக்காவிடம் அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிட்டேன். இதை எழுதும்போதும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.