பித்தளை முனையின் பிடிப்பு

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட், மயிலாப்பூர் கடற்காற்றில் வாழ்ந்தால் முதலில் சோர்வது ஒயரிங் இணைப்புகள்தான். பித்தளையில் பச்சை பூக்கும், மின்தடை ஏறும், ஹெட்லைட் மங்கும். 6 வோல்ட் வண்டியில் இது இன்னும் உறைக்கும்: அதே திறனுக்கு 12 வோல்ட் வண்டியைவிட இருமடங்கு மின்னோட்டம் ஓடவேண்டும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கனெக்டர் வாங்கினால், வெள்ளீயம் பூசிய பித்தளைக் குண்டுமுனையைத் தேடுங்கள். ஒயரின் தடிமனுக்கு அளவு பொருந்தவேண்டும். சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும். என்ஜின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் விளிம்பில்தான் ஒயர் ஒடியும். சரியான கிரிம்பிங் பிளையரால் அழுத்திய முனையில் ஒயர் வளைந்துகொடுக்கும். அந்தக் குண்டுமுனை கனெக்டர் ஸ்லீவுக்குள் ‘டிக்’கென்று உட்காருவதே ஒரு சுகம். சும்மா இழுத்தால் வராது. வேலை வந்தால் கழற்றலாம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் இந்த மரியாதை ஏது?