‘வீட்டில்’ என்றொரு பெயர்

வால்டேர் எழுதிய கடிதங்களையும் அவருக்கு வந்தவற்றையும் ஐரோப்பிய வரைபடத்தின் மேல் கோடுகளாக இழுத்துக் காட்டியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத்திட்டம் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பயணப்பட்டது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும் படம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு படத்தில் நான் முதலில் தேடுவது எமிலி து ஷாத்லேயை.

1733 தொடங்கி, 1749இல் பிரசவத்துக்குப் பின் சில நாள்களில் இறந்துபோகும்வரை வால்டேரின் துணையாக இருந்தவர் எமிலி. சிரே மாளிகையில் இருவரும் சேர்ந்து படித்தார்கள், பரிசோதனை செய்தார்கள், சண்டையும் போட்டார்கள். நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’வைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தவர் எமிலிதான். அந்த மொழிபெயர்ப்பு முழுமையாக அச்சேறியது அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1759இல். வால்டேரின் அறிவுலகத்துக்கு அவரைவிட நெருக்கமாக இருந்த இன்னொருவரைச் சொல்வது கடினம். ஆனால் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. ஒரே கூரையின்கீழ் இருக்கிறவர்கள் கடிதம் எழுத வேண்டியதில்லை என்பது ஒன்று. பிரிந்திருந்தபோது எழுதியவையும் காப்பாற்றப்படவில்லை என்பது இன்னொன்று. கூடவே வாழ்ந்ததும் அழிந்துபோனதும் கணினிக்கு ஒன்றுதான்: பூஜ்யம். கடித எண்ணிக்கையை வைத்து உறவின் கனத்தை அளக்கும் எந்தப் படத்திலும், எப்போதோ நாலு கடிதம் போட்ட பிரபுவுக்குக் கோடு இருக்கும், எமிலிக்கு இருக்காது.

இதைச் சொன்னவுடன், “கவிஞர்கள் கணினியை நம்பமாட்டீர்கள், தெரிந்ததுதானே” என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. சொல்லடைவும் தொடரடைவும் இல்லாமல் தமிழில் எந்த முனைவர் பட்டமும் நகர்ந்ததில்லை. எண்ணுவது நமக்குப் புதிதல்ல. எதை எண்ணுகிறோம், எதை எண்ணத் தகுந்ததென்று ஏற்றிருக்கிறோம் என்பதே என் கேள்வி.

எண்ணும் முறையை மாற்றினால் பெண்கள் தென்படுவார்கள் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தில் முதலாம் மேரி அரசியின் ஆட்சியில், 1553க்கும் 1558க்கும் இடையில், புரொட்டஸ்டண்டுகள் சிறைப்பட்டு எரிக்கப்பட்டார்கள். அவர்களிடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் எஞ்சிய 289 கடிதங்களை எடுத்துக்கொண்டு ரூத் ஆனர்ட், செபாஸ்டியன் ஆனர்ட் இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளியானது. ஒருவர் இலக்கியம் படித்தவர், மற்றவர் இயற்பியலாளர். யார் அதிகக் கடிதம் எழுதினார் என்று பார்த்தால், நாம் முன்பே அறிந்த தியாகிகளே மேலே வருவார்கள். அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் செய்தி போய்ச்சேர எவர் வழியாகப் போயாக வேண்டும், எவரை எடுத்துவிட்டால் வலை அறுந்து துண்டாகும் என்று கணக்கிட்டார்கள். அப்போது மேலே வந்தவர்களில் கடிதம் சுமந்தவர்களும், சிறைக்குப் பணமும் உணவும் அனுப்பிவந்த பெண்களும் இருந்தார்கள். மார்ஜரி குக் அவர்களில் ஒருவர். எரிக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக வலையிலிருந்து நீக்கிப் பார்த்தாலும் இயக்கம் சிதறாமல் நின்றது இவர்களைப் போன்றவர்களால்தான். தியாகிகளை மையமாக வைத்து எழுதப்பட்ட வரலாற்றில் இவர்கள் ஓரத்து ஆட்கள். சமைத்துக் கொடுத்ததையும் காசு அனுப்பியதையும் ‘உதவி’ என்று ஒதுக்கிவைக்கும் பழக்கத்தைக் கணக்கு உடைத்தது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி.

இந்தத் துறையின் பிறப்பிலேயே அப்படி ஒதுக்கப்பட்ட உழைப்பு இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாமஸ் அக்வினாஸின் படைப்புகளுக்கு, ஐபிஎம் நிறுவனத்தின் துணையோடு, ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் சொற்களின் அடைவை உருவாக்கிய ராபர்ட்டோ புசா என்ற இத்தாலியப் பாதிரியாரைக் கணினிவழி மொழியாய்வின் தந்தை என்பார்கள். 1949இல் தொடங்கிய வேலை. அச்சில் 56 தொகுதிகள். அந்தச் சொற்களைத் துளை அட்டைகளில் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசி எழுத ஜூலியான் நைஹன் என்ற ஆய்வாளர் வரவேண்டியிருந்தது. தந்தையின் பெயர் உடனே கிடைத்துவிடுகிறது; அட்டை குத்திய விரல்களின் பெயருக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

சரி, இந்த முறைகள் தமிழ்க் கடிதங்களுக்கு வரும்போது என்ன ஆகும்? ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். பிரான்ஸ் தேசிய நூலகத்தில், இத்தாலி தொடர்பானவை என்ற பட்டியல் குறிப்போடு கிடந்த சங்கேதக் கடிதங்கள் 57ஐ ஜார்ஜ் லாஸ்ரி, நோர்பெர்ட் பியர்மன், சதோஷி தொமோகியோ மூவரும் கணினியின் உதவியால் உடைத்துப் படித்து 2023இல் வெளியிட்டார்கள். எழுதியவர் ஸ்காட்லாந்தின் மேரி ஸ்டூவர்ட். சிறையிலிருந்து, 1578க்கும் 1584க்கும் இடையில் எழுதியவை. சங்கேதத்துக்கு அடியில் இருந்தது இத்தாலியன் அல்ல, பிரெஞ்சு. அது தெரிந்த பிறகு எழுதியவர் யார் என்பதற்குக் கிடைத்த தொடக்கத் தடயங்களில் ஒன்று இலக்கணம்: தன்னைப் பற்றிச் சொல்லுமிடங்களில் பெண்பால் விகுதி. பெயரை மறைத்தவரை மொழி காட்டிக்கொடுத்தது, அல்லது மீட்டுக்கொடுத்தது.

தமிழில் இது நடக்காது. ‘வந்தாள்’ பெண், ‘வந்தான்’ ஆண். ஆனால் ‘வந்தேன்’ என்பதற்குப் பால் இல்லை. தன்னைப் பற்றி எழுதும் தமிழ்ப் பெண்ணை வினைமுற்று அடையாளம் காட்டாது. பெயரில்லாத நூறு தமிழ்க் கடிதங்களைக் கொடுத்து ‘இவற்றில் பெண் எழுதியது எது?’ என்று கேட்டால், விகுதியை நம்பும் நிரல் கையை விரிக்கும். தடயம் வேறிடத்தில் இருக்கிறது. ‘அத்தான்’, ‘மாமி’, ‘நாத்தனார்’, ‘கொழுந்தன்’ போன்ற விளியிலும் உறவுச் சொல்லிலும் எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பெயர்களை அடையாளம் கண்டு பிரித்தெடுக்கும் மென்பொருள். கடிதத் தொகுதிகளை ஆராய்கிறவர்கள் முதலில் நாடும் கருவிகளில் ஒன்று அது. உரையைக் கொடுத்தால் ஆள்பெயர், ஊர்ப்பெயர், நாள் என்று பட்டியல் போடும். முதுகலை மாணவர்களிடம், வீட்டில் பழைய கடிதம் இருந்தால் நகலெடுத்து வாருங்கள் என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். ஐம்பதுகள், அறுபதுகளில் வந்த இன்லண்டு கடிதங்களும் அஞ்சலட்டைகளும் சேர்ந்தன. பட்டியலைக் கையாலேயே போட்டோம். ஆண்களின் பெயர்கள் குவிந்தன. பெண்கள்? ‘வீட்டில் சௌக்கியம்’, ‘வீட்டில் கேட்டதாகச் சொல்லவும்’, ‘பெரியவன் சம்சாரம்’, ‘குழந்தையின் தாயார்’, ‘கும்பகோணத்தாள்’. எந்த மென்பொருளும் ‘வீட்டில்’ என்பதை இடமாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதுவும் எடுத்துக்கொண்டால். நமக்கோ அது ஓர் ஆள். சுகமில்லாமல் படுத்திருக்கும், வடகம் கொடுத்தனுப்பும், வளைகாப்புக்குத் தேதி கேட்கும் ஆள். பெண்கள் எழுதிய சில கடிதங்களில் நிலைமை தலைகீழ். கணவன் பெயரைச் சொல்லக் கூடாதென்று வளர்க்கப்பட்டவர்கள் ‘அவர்கள்’, ‘இவாள் அப்பா’ என்றே எழுதியிருந்தார்கள். அங்கே ஆண்தான் பட்டியலில் விழவில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

இன்னொரு மாணவி கொண்டுவந்த கட்டில், பாட்டியின் பெயரால் வந்த கடிதங்களில் மூன்று வெவ்வேறு கையெழுத்துகள். பாட்டிக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒன்று பள்ளிக்கூடப் பையனின் கை என்று பார்த்தாலே தெரிந்தது. ‘எழுதியவர்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் யாரைப் போடுவது? பாட்டியைப் போட்டால் பையன் மறைகிறான். பையனைப் போட்டால் அவர் குரலே போய்விடும். பதினாறாம் நூற்றாண்டின் பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்ற ஆங்கிலச் சீமாட்டியின் கடிதங்களை இணையத்தில் பதிப்பித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு, சொன்னவரையும் எழுதிய கையையும் தனித்தனியே பதிவுசெய்தது. மடிப்பையும் முத்திரையையும்கூட விடவில்லை. நான்கு தடவை மணந்து பெருஞ்செல்வம் சேர்த்த சீமாட்டிக்குச் செய்ததை, அஞ்சலட்டைக்குக் காசு எண்ணிக் கொடுத்த பாட்டிக்கும் செய்யலாம். தேவை கூடுதலாக ஒரு கட்டம், அதை நிரப்பப் பொறுமை.

நம் இலக்கியத்துக்குள்ளேயே ஒரு சோதனைக்களம் இருக்கிறது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலாக வந்திருக்கின்றன. கமலா விருத்தாசலம் தாமும் சிறுகதை எழுதியவர். அந்த நூலை மட்டும் வைத்து வலைப்படம் வரைந்தால் அம்புக்குறி முழுக்க ஒரே திசையில் போகும். கமலா பெறுகிறவராக மட்டும் நிற்பார். அப்படி ஒரு படத்தை எந்த மாணவராவது ஆய்வேட்டில் ஒட்டிக் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் திரும்பப் படித்து, இது எந்தக் கடிதத்துக்குப் பதில், அது எந்தத் தேதிவாக்கில் வந்திருக்கும், அதில் என்ன கேட்கப்பட்டிருந்தது என்று ஊகிக்க முடிகிற இடத்திலெல்லாம் எதிர்த்திசையில் ஒரு புள்ளிக்கோடு போடச் சொல்வேன். எத்தனை புள்ளிக்கோடுகள் தேறும் என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த பருவத்தில் வேலையைத் தொடங்க இரண்டு மாணவிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.