ஆறாத காயங்களின் படங்கள்

விளையாட்டுப் படம் என்றால் வீழ்ச்சியும் மீட்சியும்தான் என்றொரு சூத்திரம் நம் திரை விமர்சனத்தில் வேரூன்றிவிட்டது. 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபின் அது இன்னும் வலுத்தது. அந்தக் கணக்கில் குத்துச்சண்டை வீரனுக்கு நேரும் காயம் ஒரு தடை, அதைத் தாண்டுவதே கதை. இதை ஏற்பதற்கில்லை. இவ்வகையின் உயர்ந்த படங்கள் காயத்தை ஆறவிடாதவை. இவன் உடம்பை வைத்து யார் சம்பாதித்தார்கள் என்ற கேள்வி, இனிச் சண்டை கூடாது என்று மருத்துவர் சொல்லும் இடத்தில்தான் எழுகிறது. அவனை மறுபடி மேடையேற்றி ஜெயிக்கவைக்கும் படம் அந்தக் கேள்வியை ஆரவாரத்தில் அமுக்கிவிடுகிறது.

மௌனப் படங்கள் பலவற்றில் குத்துச்சண்டை சிரிப்புக்கு. 1931-இல் கிங் விடரின் ‘தி சாம்ப்’ அதைக் கண்ணீருக்கு மாற்றியது. தலையில் ஓயாமல் அடிவாங்கும் வீரர்களின் தள்ளாட்டம் மூளைச் சேதத்தால் வருவது என்று ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதியிருந்தார். ஹாலிவுட் அதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில்தான். ராபர்ட் ராசனின் ‘பாடி அண்ட் சோல்’ (1947) ஜான் கார்ஃபீல்டின் படமாகவே பேசப்படுகிறது. அதன் இதயமோ கனடா லீ. மூளையில் ரத்தக்கட்டியோடு மேடையேறும் கறுப்பினச் சாம்பியன் பென்னாக அவர் நடித்தார். அந்தக் கட்டியைப் பற்றி ஏற்பாட்டாளருக்குத் தெரியும். எதிரே நின்று குத்துகிற சார்லிக்கு (கார்ஃபீல்ட்) மட்டும் சொல்லவில்லை. லீ மெய்யாகவே தொழில்முறை வீரராக இருந்து, அடிபட்டு ஒரு கண்ணின் பார்வை போனதால் மேடையை விட்டவர். தன் உடம்பின் வரலாற்றையே அவர் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்தார். அரசியல் சந்தேகத்தால் ஹாலிவுட் அவரை ஒதுக்கியது; 1952-இல், 45 வயதில் இறந்தார். குத்துச்சண்டைப் படங்களின் வரலாறு பேசுவோர் அவர் பெயரைத் தாண்டிப் போவது அநியாயம்.

ராபர்ட் வைஸின் ‘தி செட்-அப்’ (1949) இதே தடத்தில் போகிறது. தோற்பதற்கு மேனேஜர் வாங்கிய பணம் வீரனுக்குத் தெரியாது. அவன் ஜெயித்ததற்குத் தண்டனையாக ரவுடிகள் கையை நொறுக்குகிறார்கள். இந்த மரபின் சிகரம் ராட் செர்லிங் எழுதிய ‘ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்’. 1956-இல் ஜாக் பாலன்ஸ் நடித்த தொலைக்காட்சி வடிவத்தில் முடிவில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. 1962-இன் திரைப்படம் அதையும் எடுத்துவிட்டது. இன்னொரு சண்டை போட்டால் பார்வை போய்விடும் என்கிறார் மருத்துவர். வீரன் சீக்கிரம் விழுவான் என்று பந்தயம் கட்டித் தோற்றிருந்ததோ அவனுடைய மேனேஜரே. அந்தக் கடனை அடைக்க, செவ்விந்தியத் தலைவன் வேஷம் போட்டுப் பொய் மல்யுத்தத்துக்கு இறங்குகிறார் அந்தோணி குயின். மீட்சிப் படங்கள் எதிலும் இதற்கு ஈடான ஒரு காட்சி இல்லை.

‘ராக்கி’ தொடர் இந்தச் சாதனையைக் கரைத்தது. இரண்டாம் படத்தில் (1979) கண் போய்விடும் என்ற எச்சரிக்கை, நிற்கும் பாணியை மாற்றிக்கொள்வதோடு தீர்ந்துவிடுகிறது. 1990-இன் படத்தில் மூளைச் சேதம் என்று சொல்லப்பட்ட ராக்கி, 2006-இன் படத்தில் வயதான காலத்தில் மறுபடி சண்டைக்கு நிற்கிறார். மீண்டவர்கள் நிஜத்திலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. கழுத்தெலும்பு முறிந்த வின்னி பாஸியென்ஸா திரும்பி வந்து சண்டையிட்டார். ‘பிளீட் ஃபார் திஸ்’ (2016) அதைத்தான் சொல்கிறது. ஆனால் அவர் கழுத்து முறிந்தது கார் விபத்தில். ஆகவே அந்தத் தொழிலை விசாரிக்க வேண்டிய அவசியமே படத்துக்கு வரவில்லை. ‘மில்லியன் டாலர் பேபி’ (2004) சோகத்தில்தானே முடிகிறது என்பார்கள். அங்கும் பழி மணி அடித்தபின் தாக்கும் ஒரு கெட்ட எதிராளியின் தலையில் விழுகிறது, தொழில் தப்பித்துக்கொள்கிறது. அந்தப் படத்தின் உண்மை, ஒற்றைக் கண்ணோடு ஜிம்மைத் துடைத்துக்கொண்டிருக்கும் மார்கன் ஃப்ரீமனிடம் இருக்கிறது. நம்பிக்கை தராத படத்தை யார் பார்ப்பார் என்பது கடைசி ஆட்சேபம். அடிபட்டவனை அடிபட்டவனாகவே மதிக்கிற படம் பார்வையாளரை ஏமாற்றுவதில்லை. அந்த நேர்மை எந்த வெற்றிக் காட்சியையும்விட மேலான ஆறுதல்.

தமிழில் அடுத்த குத்துச்சண்டைப் படத்தை எழுத உட்காருபவர்கள் ‘ராக்கி’யை ஒதுக்கிவைத்துவிட்டு, 1947-இன் கனடா லீயையும் 1962-இன் அந்தோணி குயினையும் முதலில் பார்க்க வேண்டும்.