வாட்சனின் காயமும் பேதுருவின் மறுதலிப்பும்

துப்பறியும் கதைகளுக்கு இறையியல் இதழில் என்ன வேலை என வாசகர் சிலர் வினவக்கூடும். கதைகளைப் பற்றியன்று, அவற்றை அளவுகடந்து நேசித்தவர்கள் வாசித்த முறையைப் பற்றியே இங்கு ஆராய முற்படுகிறோம். அம்முறை நமக்கு அந்நியமானதன்று. பிரசங்க பீடத்தினின்றும் வேதபாட வகுப்பினின்றும் நாம் கையாளும் முறையின் நிழலை அதில் காண்கிறோம்.

ஆர்தர் கோனன் டாயில் 1887 முதல் 1927 வரை ஷெர்லக் ஹோம்ஸைப் பற்றி 4 நெடுங்கதைகளும் 56 சிறுகதைகளும் எழுதினார். இவ்வறுபதையும் சேர்த்து அவருடைய ரசிகர்கள் ‘கேனன்’ என்று வழங்குகின்றனர். நியம நூற்றொகுதியைக் குறிக்க இறையியலில் நாம் ஆளும் அதே சொல் இது. விளையாட்டாக இச்சொல் வந்து ஒட்டிக்கொண்டதற்குக் காரணமும் உண்டு. இவ்வகை வாசிப்பைத் தொடங்கி வைத்தவரே ஒரு குருவானவர்.

ரொனால்டு நாக்ஸ் என்னும் இளைஞர் 1911ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஹோம்ஸ் இலக்கியத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டு ஆங்கிலிக்கன் குருவாக அபிஷேகம் பெற்றார்; 1917இல் ரோமத் திருச்சபையில் சேர்ந்தார்; பிற்காலத்தில் இலத்தீன் மூலத்திலிருந்து வேதாகமத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவருடைய தந்தையார் மான்செஸ்டர் பேராயர், பெங்களூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் லாகூரின் முதற் பேராயர். இத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் ஜெர்மானியத் திறனாய்வாளரைப் பகடி செய்யவே அக்கட்டுரையை எழுதினார். இல்லாத பேராசிரியர்களுக்கு ஜெர்மானிய ஒலியுடைய பெயர்களைச் சூட்டினார்; கதைகளின் அமைப்பைப் பதினொரு பகுதிகளாக்கிக் கிரேக்கப் பெயரிட்டார்; பிந்திய கதைகளை எழுதியவர் ‘இரண்டாம் வாட்சன்’ என்றொரு கொள்கையையும் அரங்கேற்றினார். இரண்டாம் ஏசாயாவைப் பற்றி வகுப்பில் குறிப்பெடுத்த மாணவர் எவரும் இதைப் படித்து நகையாமலிரார். கோனன் டாயிலும் வியந்து நாக்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

ஆயின் பகடி எய்த அம்பு, குறிவைத்த இடத்தில் தைக்கவில்லை என்பதே நம் கருத்து. ஏசாயா 40 முதல் வேறொரு காலத்தின் குரல் என அறிஞர் கொள்வது நடை மாறியது என்பதற்காக மட்டுமன்று; கோரேசு பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான் (44:28; 45:1), பாபிலோன் சிறையிருப்பு கண்முன் நிற்கிறது. அந்த வாதத்தை நகைப்பினால் வீழ்த்திவிட இயலாது. அன்றியும், நாக்ஸைப் பின்பற்றிய ரசிகர்கள் மூலத் திறனாய்வாளராக மாறவில்லை. அவர்கள் சென்ற வழி நேர்மாறானது.

மருத்துவர் வாட்சன் ஆப்கானியப் போரில் குண்டடி பட்டவர். 1887இல் வந்த முதற் கதையில் காயம் தோளில். 1890இல் வந்த இரண்டாம் கதையில் காயம் காலில்! எழுதியவர் மறந்துவிட்டார் என்பதே எளிய விடை. ரசிகர் அதை ஏற்பதில்லை. இரு குண்டுகள் பாய்ந்தன என்பர் சிலர். ஒரே குண்டு இரண்டிடத்தையும் காயப்படுத்தும்படி வாட்சன் எவ்வாறு குனிந்திருக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டுவோரும் உளர். வாட்சனின் பெயர் ஜான். 1891இல் வந்த ஒரு கதையில் மனைவி அவரை ஜேம்ஸ் என்றழைக்கிறாள். ‘ஜான் எச்.’ என்பதிலுள்ள எழுத்து, ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவமாகிய ‘ஹேமிஷ்’ என்பதைக் குறிக்கும் என்று விடை கண்டார் டாரதி சேயர்ஸ். இவரும் குருவானவரின் மகள், 1941-42இல் பி.பி.சி. வானொலிக்காக ஆண்டவரின் வாழ்வைத் தொடர் நாடகங்களாக எழுதிக் கண்டனத்துக்கு ஆளானவர். இவ்விளையாட்டைச் சிரிக்காமல் ஆட வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு.

விளையாட்டு என்று அறிந்து ஆடுபவரிடம் நமக்குக் குறையில்லை. விளையாட்டென்று அறியாமல் ஆடுபவரைப் பற்றியே கவலை கொள்கிறோம்.

சேவல் கூவியதை எடுத்துக்கொள்வோம். சேவல் இருமுறை கூவுமுன் பேதுரு மும்முறை மறுதலிப்பான் என்கிறார் மாற்கு (14:30). மற்ற மூவரும் ‘இருமுறை’ என்னும் சொல்லைக் கூறவில்லை. கேள்வி கேட்டவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். அமெரிக்க நாட்டில் ஹெரால்டு லிண்ட்செல் 1976இல் வெளியிட்ட நூலில், தமக்கு முன் ஒருவர் செய்த முயற்சியைப் பின்பற்றி, பேதுரு ஆறு முறை மறுதலித்தார் என்று தீர்வு கூறினார். முதற் கூவுதலுக்கு முன் மூன்று, இரண்டாவதற்கு முன் மூன்று. வாட்சனின் இரு குண்டுகளுக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

நற்செய்தியாளர் நால்வரும் ஒருமனமாய்ச் சொல்வது ஒன்று உண்டெனில், மூன்று முறை என்பதுதான். சேவலைக் காப்பாற்றப் போய் அந்த மூன்றை இழந்தோம். கலிலேயாக் கடற்கரையில் கரிநெருப்பின் அருகே உயிர்த்த ஆண்டவர் மும்முறை வினவுவது (யோவான் 21:15-17) அந்த மும்முறையின் மேலன்றோ நிற்கிறது? நான்கு நூல்களையும் பாதுகாக்க எண்ணியவர், அவற்றுள் எதிலும் இல்லாத ஐந்தாவது நூலொன்றை எழுதிவிட்டார். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் நால்வரையும் ஒன்றாக நெய்தபோதும் இந்த ஆவலே அவரை உந்தியிருக்கும். திருச்சபை நான்கையும் நான்காகவே வைத்துக்கொண்டது.

ஹோம்ஸ் ரசிகரிடம் இன்னொரு மரபும் உண்டு. கதைகளை எழுதியவர் வாட்சனே. கோனன் டாயில் அவற்றைப் பதிப்பகத்தாரிடம் சேர்த்த முகவர் மட்டுமே என்பர். கதையின் உலகை மெய்யென்று கொள்ள, எழுதியவரை அப்புறப்படுத்துகின்றனர். நம் சபைகளில் மாற்கும் லூக்காவும் இதே நிலைக்கு ஆளாகவில்லையா? இவர் ஏன் இதை இவ்விடத்தில் வைத்தார் என்று கேட்பதே அவபக்தி என எண்ணுவோர் உளர். ஆவியானவர் ஏவியது எழுதுகோலை அன்று, மனிதரை.

ரசிகரிடம் கற்கவேண்டியதையும் சொல்லிவிடுதல் முறை. தோளில் பட்ட காயம் காலுக்கு மாறியதை அவர்கள் கண்டுகொண்டார்கள், வரிவரியாக வாசித்தார்கள். மாற்கு நற்செய்தியை ஒரே அமர்வில் படித்து முடித்தவர் யார் என நம் வகுப்பில் வினவியபோது கை உயர்த்தியோர் வெகு சிலர்.

1893 டிசம்பரில் கோனன் டாயில் தம் கதாநாயகனைச் சுவிட்சர்லாந்தின் அருவியொன்றில் வீழ்த்தினார். வாசகர் தாங்கவில்லை. ஓர் அம்மையார் வசைச்சொல்லுடன் தொடங்கிக் கடிதம் எழுதியதை ஆசிரியரே பின்னாளில் பதிவு செய்துள்ளார். 1903இல் ஹோம்ஸ் உயிருடன் திரும்பினார். வீழ்ந்தது அவர் அல்லவாம்! பின்பு வந்தவர் பழைய மனிதரல்லர் என்று கார்ன்வால் படகோட்டி ஒருவர் கூறியதையும் டாயில் மகிழ்ந்து நினைவுகூர்ந்தார்.

முடிவைப் பொறுக்கமாட்டாத வாசகர் திருச்சபையிலும் இருந்தனர். சினாய், வத்திக்கான் ஆகிய பழம் படிகளில் மாற்கு நற்செய்தி 16:8உடன் முடிகிறது. பெண்கள் நடுநடுங்கி ஓடினார்கள். பயந்திருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவே. பின்வந்தோர் ஒரு சிறிய முடிவையும், இன்று நாம் வாசிக்கும் நீண்ட முடிவையும் சேர்த்தனர். அவர்களை நாம் பழிக்கவில்லை. அவர்கள் சேர்த்தவை பெரும்பாலும் மற்ற நற்செய்திகளிலிருந்து திரட்டியவையே. ஆயினும் அங்கு நின்றுவிட்ட மாற்கின் துணிவை நம்மில் எத்தனை பேர் உணர்ந்திருக்கிறோம்?

ஓர் ஆண்டு இறுதி வகுப்பினருக்கு 16:1-8ஐக் கொடுத்து, எட்டாம் வசனத்தோடு நிறுத்தும்படி பிரசங்கம் எழுதச் சொன்னோம். ஏறக்குறைய அனைவரும் மத்தேயுவுக்குத் தாண்டிச் சென்று, பெண்களை மகிழ்ச்சியோடு ஓடவைத்து, சீஷரிடம் செய்தியைச் சேர்ப்பித்தே முடித்தனர். ஒருவர் மட்டும் சிற்றாலயத்தில் அந்த எட்டாம் வசனத்தை வாசித்துவிட்டு, கல்லறையிலிருந்து ஓடிய அப்பெண்களின் வாயடைத்த அச்சத்தைச் சிறிது நேரம் விளக்கி, வேதத்தை மூடிப் பீடத்தை விட்டு இறங்கினார். அடுத்த பாடலை எப்போது தொடங்குவது என்று தெரியாமல் ஆர்மோனியம் வாசித்தவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.